காவல்காரர் கையும் சட்டமும்
(கோவையில் காவல் வேலைத் தோழர்களிடையே பேசியதின் சாராம்சம்)



ஆலை வாசலிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் ஜவுளிக்கடை வாசலிலும் இராப்பகலாய் நிற்கும் உங்களிடம் ஒரு கேள்வி. ஒருவன் வந்து வாதாடுகிறான், சத்தம் போடுகிறான், உங்களைத் திட்டவும் திட்டுகிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவனைப் பிடித்து அறையில் அடைக்க உங்களுக்கு அதிகாரம் கொடுத்தது யார்? காக்கிச் சட்டையா? முதலாளியா?

சர்க்கார் கொடுக்கவில்லை என்பது நிச்சயம். 2005-ம் வருஷத்துத் தனியார் காவல் நிறுவனச் சட்டம் லைசென்சும் பயிற்சியும் வேண்டுமென்கிறதே தவிர, மனிதனைப் பிடிக்கும் அதிகாரம் எதையும் தரவில்லை. போலீசார் உடுப்பைப் போல உடுத்தினாலே ஒரு வருஷம் வரை தண்டனை உண்டு என்கிறது. 2024 ஜூலை முதல் அமுலிலிருக்கும் 'பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா' (பெயர் வாயில் நுழையாது, விஷயம் நுழையட்டும்) 40-வது பிரிவில், வீதியில் போகிற எவனுக்கும் உள்ள உரிமையைத்தான் உங்களுக்கும் தருகிறது. ஜாமீனில் விடக்கூடாததும், போலீசார் வாரண்டில்லாமல் பிடிக்கக் கூடியதுமான குற்றத்தை ஒருவன் உங்கள் கண்ணெதிரில் செய்தால் பிடிக்கலாம்; 6 மணி நேரத்துக்குள் போலீசாரிடம் ஒப்புவித்துவிட வேண்டும். 'திருடியிருப்பான் போலிருக்கிறது' என்பது கண்ணெதிரில் ஆகாது. வெறும் வாய்ச்சண்டையோ அந்த வகைக் குற்றமே அல்ல. அவன் அடிக்க வந்தால் தடுக்க உரிமையுண்டு. அடி நின்றதும் அவ்வுரிமையும் நின்றது. 'வெளியே போங்கள்' என்னலாம், போகாவிட்டால் போலீசைக் கூப்பிடலாம். போகிறேன் என்பவனை மறிப்பானேன்? அக்கிரமமாய் மறித்தால் ஒரு மாதம், அடைத்தால் ஒரு வருஷம் வரை சிறை.

2023 மே மாதம் அவினாசி ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், திருட வந்தவர் என்ற சந்தேகத்தின் பேரில் பிடித்து அடிக்கப்பட்டவர் செத்துப் போனார் என்று போலீசார் கொலை வழக்குப் போட்டு, ஊழியர்களைக் கைது செய்தார்கள். 2018 பிப்ரவரியில் மலைக்கு அப்பால் அட்டப்பாடியில், அரிசி திருடினான் என்று ஒரு பழங்குடி வாலிபரைக் கட்டி அடித்ததில் உயிர் போயிற்று. 2023-ல் 13 பேருக்கு 7 வருஷக் கடுங்காவல் கிடைத்தது.

காரில் வந்து சத்தம் போடும் பெரிய மனிதரை எந்த வாசலிலாவது கட்டி வைத்ததுண்டா? அவருக்கு நாற்காலி போடுவீர்கள். அழுக்கு வேஷ்டிக்காரனிடம்தான் கை நீளுகிறது. அந்த வேஷ்டி உங்கள் வீட்டிலும் இல்லையா? கோபிக்க வேண்டாம், கால் கடுக்க நின்று சொற்பச் சம்பளம் வாங்குகிற உங்களை நான் குற்றவாளியாக்க வரவில்லை. கோர்ட்டில் 'மேலே இருப்பவர் சொன்னார்' என்பது உங்களைக் காப்பாற்றாது. நாளைக்குச் சூப்பர்வைசர் 'பிடி அவனை' என்றால், 'என் கண்ணெதிரில் என்ன குற்றம் நடந்தது, ஐயா? எழுதிக் கொடுங்கள்' என்று கேட்டுப் பாருங்கள்.