தோழியும் அந்தப் போனில் இருக்கிறாள்

அம்பிட்டியவிலிருந்து கண்டிக்கு டியூஷனுக்குப் போகும் மகள் பஸ் ஏறிவிட்டாளா என்று அறியத்தான் போன் வாங்கிக் கொடுக்கிறோம். கொஞ்ச நாளில், அதில் யாரோடு என்ன பேசுகிறாள் என்று மனம் அரிக்கத் தொடங்கிவிடும்.

பார்க்கலாமா? பார்க்கலாம். சொல்லிவிட்டுப் பாருங்கள். அவள் தூங்கிய பிறகு வேண்டாம்.

அந்தப் போனின் வட்ஸ்அப்பில் உங்கள் மகள் மட்டும் இல்லை. அவளுடைய தோழியும் இருக்கிறாள். தன் வீட்டுச் சண்டையை எழுதி அழுதிருப்பாள். அதை நீங்கள் வாசிக்க அந்தப் பிள்ளை சம்மதிக்கவில்லையே! பிள்ளைகளுக்கும் அந்தரங்கம் உண்டு என்கிறது சிறுவர் உரிமைகள் சமவாயம். இலங்கை அதை ஏற்றது 1991இல். அதனால், மகளிடம் சொல்லிவிட்டுப் பாருங்கள்; தோழி எழுதியதை விட்டுவிடுங்கள்.

அதோடு, தெரியாதவர்கள் அவளைக் குழுக்களில் சேர்க்காமலிருக்க, இன்று மாலை மகளோடு உட்காருங்கள். வட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் குரூப்ஸ். தெரிந்தவர்கள் மட்டுமே தன்னைக் குழுவில் சேர்க்கலாம் என்று அவளே மாற்றட்டும். அவள் கையாலேயே.

யாராவது மிரட்டினால், படம் கேட்டால், கதை வேறு. அப்போது தாமதிக்காதீர்கள். எதையும் அழிக்கவும் வேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. இன்னொரு தடவை சொல்கிறேன்: ஒன்று, ஒன்பது, இரண்டு, ஒன்பது.