கிடாரம் எங்க போச்சு? சேர்வரில் காணாமல் போகும் பொதிகள் பற்றி

(இளையோர் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கட சேர்வரைப் பற்றித்தான் இன்றைக்குக் கதைக்கப் போறன். அரசியல் வகுப்பில் இதென்ன கொம்பியூட்டர்க் கதை என்று சிலர் யோசிக்கலாம். ஊர்வல வீடியோக்கள், உறுப்பினர் பட்டியல், பெரியாக்களிட்ட எடுத்த வாய்மொழிப் பதிவுகள், இதொன்றையும் பெரிய கொம்பனிகளின் கணக்குகளில் வைப்பதில்லை என்று கூடியிருந்து முடிவெடுத்தோம். அந்த வீடியோக்களில் முகம் தெரியிற பிள்ளைகள் சிலரின் அம்மா அப்பா இப்பவும் ஊரில்தான் இருக்கினம். முடிவெடுக்க அரை மணித்தியாலம் போனது. அதைக் கட்டிக் காக்கிறதுதான் பெரும்பாடு. சேர்வரின் லினக்ஸ் பதிப்பு பழசாகி, புதியதுக்கு மாற வேண்டி வந்தது. மாறின இடத்தில் ஒரு கருவி நிறுவ மாட்டன் எண்டு நிண்டது. அண்டிரவே வட்சப்பில், "பேசாமல் எல்லாத்தையும் கொம்பனி ட்ரைவில ஏத்துவம்" எண்டு செய்தி வருது. ஒரு பிழைச்செய்தியை வாசிக்க ஆளில்லாததால் ஒரு அரசியல் முடிவு கைவிடப்படுகிற நிலை இது.

சரி, அந்தச் செய்தி என்ன சொல்லுது?

ஊரில் கலியாண வீடென்றால், இருநூறு பேருக்குச் சோறு வைக்கிற கிடாரத்தை ஒவ்வொரு வீட்டுக்காரரும் வாங்கி வைக்கிறதில்லை. சனசமூக நிலையத்தில் ஒன்று இருக்கும். தேவைப்படுகிற ஆள் எடுத்துப் பாவித்துவிட்டுத் துலக்கிக் கொண்டுவந்து வைப்பார். லினக்ஸில் பொது நிரலகங்கள் அப்படித்தான். வலைத்தளம், மின்னஞ்சல், தரவுத்தளம் மூன்றும் மறைகுறியாக்கத்துக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற ஒரே கிடாரத்தை எடுக்கும். எந்தச் சமையலுக்கு எந்தக் கிடாரம், எந்த அளவு என்று கணக்கு வைத்திருக்கிற ஆள்தான் பொதி மேலாளர். டெபியன், உபுண்டு வழியில் வந்தவைக்கு ஆப்ட். ரெட் ஹாட் வழியில் வந்தவைக்கு டிஎன்எஃப்.

எங்களுக்கு வந்தது பக்கங்களைப் பிடிஎஃப் ஆக்குகிற ஒரு பழைய கருவி. உபுண்டு 20.04இல் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 இருந்தது. 22.04இல் அது போய் 3.0 வந்துவிட்டது. கருவி பழையதை எதிர்பார்த்துக் கட்டப்பட்டது. ஆகவே "லிப்எஸ்எஸ்எல் 1.1 வேணும், நிறுவ வழியில்லை" என்று ஆப்ட் நிற்கும். வேற வழியால் நிறுவிவிட்டால் ஓடுற நேரத்தில் "கோப்பைத் திறக்க முடியவில்லை, அப்படியொரு கோப்பு இல்லை" என்று வரும். இதில் மர்மம் ஒன்றுமில்லை, செய்தி காணாமல் போன பொருளின் பெயரையும் இலக்கத்தையும் தருது. கனபேர் அந்த வரிக்கு வரமுன்னமே திரையை மூடிவிட்டு, முழுச் செய்தியையும் தேடுபொறியில் ஒட்டுவினம்.

அங்கே இரண்டு குறுக்குவழி கிடைக்கும். முதலாவது, 3.0 கோப்புக்கு 1.1 என்று இன்னொரு பெயர் வைத்து இணைப்புக் கொடுப்பது. கிடாரத்தில் பழைய இலக்கத்தை எழுதி ஒட்டுற வேலை, மூடி பொருந்தாது. சில நேரம் உடனே விழும். சில நேரம் ஓடுற மாதிரிப் பாசாங்கு செய்து பிறகு விழும், அதுதான் மோசம். இரண்டாவது, பழைய களஞ்சியத்திலிருந்து லிப்எஸ்எஸ்எல் 1.1ஐ இறக்கி நிறுவுவது. வேலை செய்யும், அதனால்தான் ஆபத்து. 1.1.1 வரிசைக்கான பொது ஆதரவு 2023 செப்டெம்பரில் முடிந்தது. உறுப்பினர் பெயர்கள் கிடக்கிற இயந்திரத்தில், ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளில்லாத மறைகுறியாக்க நிரலகத்தை ஏன் வைப்பான்? கருவியைக் கட்டினவர்கள் புதிய பதிப்புக்கென்று பொதி விட்டிருக்கினமா என்று முதலில் பாருங்கோ. இல்லையெண்டால் வேறு கருவி தேடுங்கோ. கொள்கலனுக்குள், அதாவது டொக்கருக்குள், போட்டால் சரிதானே என்று ஒரு தோழர் கேட்டார். நிறுவும், ஆனால் பழைய கிடாரம் அப்பவும் வீட்டுக்குள்ளதான் இருக்கு, கதவைச் சாத்தியிருக்கிறியள், அவ்வளவுதான்.

மற்றப் பிழைகளையும் அடையாளம் பிடிக்கலாம். ஆப்ட் அப்டேட் கொடுத்தால் 404 என்று வருதா? அநேகமாக உங்கள் பதிப்பு ஓய்வுபெற்றுவிட்டது, பொதிகளைப் பழையன வைக்கிற களஞ்சியத்துக்கு மாற்றிவிட்டார்கள். முகவரியை மாற்றி ஒப்பேற்றலாம், ஆனால் அது வீடு மாற வேண்டிய நாள் வந்துவிட்டது என்ற அறிவித்தல். "பொதியைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்றால் முதலில் ஆப்ட் அப்டேட் கொடுத்தீங்களா என்று பாருங்கோ. பிறகு எழுத்துப் பிழை, உபுண்டுவில் யூனிவர்ஸ் பகுதி திறந்திருக்கா, கடைசியாக இயந்திரம் ஏஆர்எம் வகையா என்று பாருங்கோ.

புதிய ஆட்களை அழ வைக்கிற ஒன்று இருக்கு. பைத்தன் பொதி ஒன்றை நிறுவப் போனால் இருநூறு வரி கொட்டும். கடைசி வரி "தோல்வி" என்று மட்டும் சொல்லும், அதில் ஒரு பிரயோசனமும் இல்லை. மேலே ஏறிப் போய் முதல் பிழையைத் தேடுங்கோ. "பைத்தன் டொட் எச் இல்லை" என்றிருக்கும், அல்லது "பிஜி கொன்ஃபிக் இல்லை" என்றிருக்கும். நிரலகம் கைவசம் இருக்கும், அதை வைத்துப் புதிதாக ஒன்றைக் கட்டத் தேவையான தலைப்புக் கோப்புகள்தான் இல்லை. டெபியன் பக்கம் அவை டெவ் என்று முடிகிற தனிப் பொதியில் வரும், ரெட் ஹாட் பக்கம் டெவல் என்று முடியும். எந்தக் கோப்பு எந்தப் பொதியில் என்று தெரியாவிட்டால் ஆப்ட்-ஃபைல் என்ற கருவி தேடித் தரும். ஏற்கனவே நிறுவின நிரல் எந்தெந்த நிரலகத்தைத் தேடுது, எது கிடைக்கேல்லை என்று பார்க்க எல்டிடி. நம்பிக்கையில்லாத நிரலுக்கு மட்டும் எல்டிடி கொடுக்க வேண்டாம், சில வேளை அது அந்த நிரலையே ஓட்டிவிடும்.

2023இல் டெபியன் 12 வந்ததிலிருந்து, கணினி முழுவதற்குமாகப் பிப் வழியாக நிறுவப் போனால் "இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்" என்று மறுக்கும். மறுப்பை மீறுகிற தெரிவின் பெயரே "கணினிப் பொதிகளை உடை" என்பதுதான். பெயரை வாசித்த பிறகும் அதைக் கொடுக்கிற ஆட்களை என்ன செய்ய? ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மெய்நிகர்ச் சூழல் உருவாக்கி அதற்குள் நிறுவுங்கோ, கணினியின் சொந்தப் பைத்தனைத் தொட வேண்டாம்.

"ஆம்" என்று அழுத்தும் முன் நீக்கப்போகிற பொதிகளின் பட்டியலை வாசிக்க வேணும். 2021இல் பிரபல யூடியூபர் ஒருவர் கமராவுக்கு முன்னால் லினக்ஸில் ஸ்டீம் விளையாட்டுக் கருவியை நிறுவப் போனார். பொதியில் பிழை இருந்தது. ஒன்றை நிறுவ முழு முகப்புத் திரையையும் நீக்க வேணும் என்று ஆப்ட் சொன்னது, "ஆம், சொன்னதைச் செய்" என்று முழு வாக்கியமாக எழுதச் சொல்லியும் கேட்டது. எழுதினார், போனது. சேர்வரில் இப்படி நடந்தால் போவது தரவுத்தளமாக இருக்கலாம். ஆப்ட் கட்டளையோடு ஒத்திகைத் தெரிவைச் சேர்த்தால், ஒன்றையும் தொடாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும்.

கிடாரத்தைத் துலக்குகிற ஆள் யார் என்ற கேள்விதான் எனக்கு முக்கியம். 2016 மார்ச்சில் ஒரு நிரலாளரின் பொதிப் பெயரை ஒரு நிறுவனம் உரிமை கோரியது. என்பிஎம் களஞ்சியத்தை நடத்திய கொம்பனி பெயரை நிறுவனத்திடம் கொடுத்தது. அவர் கோபத்தில் தன் பொதிகள் எல்லாவற்றையும் நீக்கினார். அதிலொன்று லெஃப்ட்பாட். 11 வரி நிரல், சொல்லுக்கு இடப்பக்கம் இடைவெளி நிரப்புகிற வேலை மட்டும். அதை நம்பியிருந்த பேபல் உட்பட ஏராளமான மென்பொருள்களைக் கட்ட முடியாமல் போனது. சில மணித்தியாலத்தில் கொம்பனி அதைத் திரும்பப் போட்டது. உழைப்பை நிறுத்துகிற உரிமைகூட உழைத்தவரிடம் இல்லை என்று அன்று தெரிந்தது.

2024 மார்ச்சில் எக்ஸ்இசட். கோப்புகளைச் சுருக்குகிற சின்ன நிரலகம், வருடக்கணக்காக ஒருவர் சம்பளமில்லாமல் பார்த்துவந்தது. அவரை வேகமாக வேலை செய்யச் சொல்லிப் பல கணக்குகள் நெருக்கின. உதவ வந்த ஒரு ஆள் இரண்டு வருடத்துக்கு மேல் நம்பிக்கை சம்பாதித்து, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்தார். இலக்கு எஸ்எஸ்எச், சேர்வர்களுக்குள் நாங்கள் நுழைகிற வாசல். எஸ்எஸ்எச் நேராக எக்ஸ்இசட்டைப் பாவிப்பதே இல்லை. டெபியன், ஃபெடோரா போன்றவை சிஸ்டம்டியோடு பேசுவதற்காக எஸ்எஸ்எச்சில் ஒரு ஒட்டுப் போட்டிருந்தன. சிஸ்டம்டி நிரலகத்துக்கு எக்ஸ்இசட் வேணும். அந்தச் சங்கிலியால் வந்தது. நுழைவு அரைச் செக்கன் பிந்துது என்று ஆந்த்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் துருவிப் பார்த்துப் பிடித்தார். நிலையான பதிப்புகளுக்குப் பரவமுன் பிடிபட்டது. பெரிய கொம்பனிகள் எல்லாம் இந்தக் கிடாரத்தில்தான் சமைக்கின்றன, துலக்க வந்தவர் ஒற்றை ஆள்.

எங்கள் கூட்டிலும் சேர்வரின் கடவுச்சொல்லும் அனுபவமும் ஒரே தோழரிடம்தான் இருக்கு. அவருக்குப் பிள்ளை பிறந்திருக்கு, இரவு வேலை வேற. அவர் களைத்துப் போனால் எங்களுக்கு எந்தப் பொதி காணாமல் போகும் என்று யோசியுங்கோ. இனிச் சேர்வரில் கை வைக்கும்போது இரண்டு பேர் இருக்க வேணும் என்று நான் முன்மொழிகிறேன், ஒராள் தட்டச்சு, மற்றாள் வாசிப்பு. கொடுத்த கட்டளை, வந்த பிழை, செய்தது மூன்றையும் அன்றன்றே தமிழில் எழுதி வைக்க வேணும். இணையத்திலிருந்து ஒரு வரியை ஒட்டினால் எங்கிருந்து எடுத்தது என்பதும் அதில் இருக்க வேணும்.

பழைய சேர்வரில் ஆப்ட்-மார்க் ஷோமானுவல் என்று கேட்டு, நாங்களாகக் கேட்டு நிறுவின பொதிகளின் பட்டியலை எடுத்திருக்கிறன். சிலதை யார், ஏன் போட்டதென்று ஒருத்தருக்கும் தெரியேல்லை. வாற ஞாயிறு பின்னேரம் அந்தப் பட்டியலை வரிவரியாகப் பார்க்கப் போறம். இரண்டு பேர் வேணும். லினக்ஸ் தெரிஞ்சிருக்கத் தேவையில்லை, பொறுமையாக வாசிக்கத் தெரிஞ்சால் காணும். தேத்தண்ணி என்ர பொறுப்பு.