வனிலாக் கொடி நின்றுவிட்டதா? வேரைப் பாருங்கள்



தென்னந்தோப்பிலும் பாக்குத்தோப்பிலும் ஊடுபயிராக வனிலா வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, கொடி நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. மூணு மாசமா ஒரு சாண்கூட ஏறல. என்ன உரம் போடலாம்?" உரத்தை அப்புறம் பார்க்கலாம் ஐயா. முதலில் மூடாக்கை விலக்கி வேரைப் பாருங்கள்.

2003-ஆம் ஆண்டு வாக்கில் விலை ஏறிக் கிடந்தபோது பலர் வனிலா நட்டார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் விலை சரிந்ததும் பிடுங்கிப் போட்டவர்களும் உண்டு. விடாமல் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், நட்ட கொடி பூக்கவே மூன்று ஆண்டு ஆகும். அப்படி வளர்த்த கொடி பட்டுப்போனால் நட்டம் சாதாரணமல்ல.

வனிலா ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்தது. மெக்சிகோ பக்கத்துக் காடுகளில் மரத்தைப் பற்றி ஏறி வளர்ந்த கொடி. நாமோ அதை மிளகுக் கொடி மாதிரி நினைத்துவிடுகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது. இதன் வேர் ஆழமாக இறங்குவதில்லை. மக்கிய சருகுக்குள்ளேயே, நாலு விரற்கடை ஆழத்தில் படர்ந்து கிடக்கும். தூரைச் சுற்றி மண்வெட்டியால் ஒரு தரம் கொத்தினால் போதும், பாதி வேர் போய்விடும்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பில் பார்த்தேன். கொடி நின்றுவிட்டது என்று அந்தப் பெரியவர் தூரைக் கொத்தி, ஈரச் சாணி இரண்டு கூடை போட்டு, தினமும் தண்ணீரும் பாய்ச்சியிருந்தார். பாசமாகத்தான் செய்தார். மூடாக்கை விலக்கினால் புளித்த வாடை. வேரைப் பிடித்து இழுத்தேன். தோல் கையோடு வந்தது, உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் நின்றது. வேரே இல்லாத கொடி எதைக் கொண்டு சாப்பிடும்?

ஆனால் நின்ற கொடியெல்லாம் நோய்ப்பட்ட கொடி அல்ல. மார்கழி, தைக் குளிரில் வளர்ச்சி மந்தப்படும். பூவும் காயும் தாங்கும் கொடியும் நீளாது. பூப்பதற்காக நுனியை நீங்களே கிள்ளிவிட்டு மறந்திருக்கலாம், அதுவும் நடக்கிறதுதான்! இலை தடித்து, பசுமை மாறாமல் இருக்கிறதா? வேர் வெளுப்பாக, விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கிறதா? அப்படியானால் கொடியைச் சும்மா விடுங்கள்.

கொழுந்து கறுத்திருந்தாலோ கடிபட்டிருந்தாலோ நத்தையாக இருக்கலாம். இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்குங்கள். கீழ்க் கணுவிலிருந்து புதுக் கிளை வரும்.

நிழலையும் கவனிக்க வேண்டும். பாதி வெயில், பாதி நிழல் என்பது கணக்கு. இலை மஞ்சளித்து வெந்த மாதிரி இருந்தால் வெயில் அதிகம். தண்டு மெலிந்து, கணுவுக்குக் கணு தூரம் நீண்டால் இருட்டு அதிகம். அப்போது கிளைரிசிடியா, கல்யாண முருங்கை போன்ற தாங்கு மரத்தின் கிளைகளைக் கொஞ்சம் கழித்துவிடுங்கள்.

இனி வேர் அழுகிய கொடிக்கு வருவோம். தண்டு சுத்தமாக இருந்து வேர் மட்டும் போயிருந்தால் கொடியைக் காப்பாற்றலாம். முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். புளித்த மூடாக்கை அள்ளி அப்புறப்படுத்துங்கள். நன்றாக மக்கிய எருவையும் சருகையும் கலந்து, தண்ணீர் தேங்காத மேடாகப் போடுங்கள். கொடியின் நல்ல பாகத்தை மெல்ல இறக்கி, இரண்டு மூன்று கணு அந்த மேட்டில் படும்படி கிடத்தி, மேலே லேசாகச் சருகு தூவுங்கள். அந்தக் கணுக்களில் புதுவேர் பிடிக்கும்.

அடித்தண்டே பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் தாமதிக்கக் கூடாது. அழுகலுக்கு மேலே, பச்சையாக இருக்கும் இடத்தில் வெட்டுங்கள். அந்தக் கத்தியைத் துடைத்துச் சுத்தம் செய்யாமல் அடுத்த கொடியைத் தொடாதீர்கள். அழுகிய பாகத்தைத் தோப்புக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். நல்ல துண்டு ஒரு மீட்டராவது இருந்தால் ஒரு வாரம் நிழலில் வாடவிட்டு, அடியில் மூன்று நான்கு இலைகளைக் கிள்ளிவிட்டு, வேறு இடத்தில் நடலாம். கணுக்கள்தான் சருகுக்குள் இருக்க வேண்டும். வெட்டிய முனை வெளியே தெரியட்டும், புதைத்தால் அங்கிருந்தே அழுகல் ஏறும். மேல் பாகத்தைத் தாங்கு மரத்தோடு வாழைநாரால் தளர்வாகக் கட்டுங்கள். துளிர்க்க நாலு வாரத்திலிருந்து எட்டு வாரம் வரை ஆகும். அதுவரை தினம் தினம் தோண்டிப் பார்க்க வேண்டாம்!

அழுகல் கண்ட தோப்பில் ட்ரைக்கோடெர்மாவை மக்கிய எருவோடு கலந்து கொடியடியில் இடலாம். போர்டோ கலவை போன்ற செம்பு மருந்து தெளித்த கையோடு இதைப் போடாதீர்கள். அது பூஞ்சைக் கொல்லி, இது நமக்கு உதவும் பூஞ்சை. மருந்து இதையும் கொன்றுவிடும்.

உரம் எப்போது? புதுத் துளிர் ஒரு சாண் வந்த பிறகு. 17:17:17 கலப்பு உரத்தை லிட்டருக்கு 10 கிராம் கரைத்துத் தெளிப்பது வழக்கம். தேறி வரும் கொடிக்கு 5 கிராமில் தொடங்குங்கள். தூரில் கொட்டாமல் இலையிலும் பற்றுவேரிலும் படும்படி காலை வேளையில் தெளியுங்கள். மூடாக்குக் குறையும்போதெல்லாம் மக்கிய சருகைச் சேருங்கள். மண்வெட்டியை மட்டும் தோப்பு வரப்பிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.