மீன் தொட்டிக்கு ஆர்.ஓ. தண்ணீர்

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் டிஸ்கஸ் வாங்கப் போகிறீர்களா? முதலில் உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள். டிஸ்கஸ், அமேசான் படுகையைச் சேர்ந்தது; உப்பு மிகக் குறைந்த மென்னீர் மீன். நம் போர்வெல் தண்ணீரோ வாளியில் வெள்ளைப் படிவு விடும் ரகம்.

அந்த உப்பைக் குறைக்கத்தான் ஆர்.ஓ. கருவி. அதில் உள்ள மெல்லிய சவ்வு, கரைந்த உப்புகளில் 90 சதவீதத்துக்கும் மேல் தடுத்துவிடும். குளோரின் அந்தச் சவ்வையே கெடுக்கும். அதனால்தான் தண்ணீர் முதலில் கரி வடிகட்டி வழியாக வருகிறது. மீனின் செவுளைப் புண்ணாக்குவதும் அதே குளோரின்தான்.

ஆனால் தயவுசெய்து ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் தொட்டியில் நிரப்பாதீர்கள். கால்சியம், மக்னீசியம் ஏறக்குறைய இல்லாத நீர் அது. அமில-காரத் தன்மை நிலைக்காது. திடீரென்று சரியும், மீன் தாங்காது. குளோரின் நீக்கிய குழாய்த் தண்ணீரை அளவாகக் கலந்து, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

கப்பி, மோலி வளர்ப்பவர்களுக்கு இந்தச் செலவே வேண்டாம். கடின நீரே அவற்றுக்கு ஒத்துவரும்.

இன்னொன்று: ஒரு லிட்டர் நல்ல நீருக்கு, வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகின்றன. அதைச் சாக்கடையில் விடாமல், தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்துங்கள்.