அண்ணல் தங்கிய வீடு



1913இல் நியூயார்க் சென்ற அண்ணல் அம்பேத்கர், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தோடு பிரெஞ்சும் ஜெர்மனும் பயின்றார். அயல்நாட்டு வாழ்வில், தாம் தீண்டப்படாதவர் என்னும் நினைவே அகன்றதாக அவரே எழுதியுள்ளார். 1917இல் பரோடாவில் உயர்பதவி கிடைத்தது. தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியேந்தியோர் வந்து வெளியேற்றினர். படித்த நண்பர்களும் கைவிரிக்க, பூங்காவில் அமர்ந்து கண்ணீர் வடித்து, இரவு இரயிலில் பம்பாய் திரும்பினார்.

பின்னர் இலண்டனில், கிங் ஹென்றி சாலை 10ஆம் எண் இல்லத்தில், 1921-22இல் தங்கிப் படித்தார். அவ்வீட்டை 2015இல் மகாராட்டிர அரசு நினைவில்லமாக்க வாங்கியது.

நான் முதன்முதல் பணியேற்ற ஊரில் வாடகைக்கு வீடு கேட்டேன். “சாருக்கு எந்தத் தெரு?” என்றார் வீட்டுக்காரர். அன்றிரவு பள்ளி வகுப்பறையிலேயே படுத்தேன்.