சாப்பாட்டுக்குப் பதில் டப்பா மாவா?

(உத்திரமேரூர் வட்டத்துக் கிராமமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது சாப்பாட்டு விஷயமாகும். "சுயமரியாதைக்காரர்கள் சாமியைப் பற்றியும் சாதியைப் பற்றியும்தானே பேசுவார்கள்; சோற்றைப் பற்றி இவர்களுக்கென்ன பேச்சு?" என்று சிலர் நினைக்கலாம். சாமியையும் சாதியையும் பற்றி நாம் பேசுவதெல்லாம் எதற்காக? மனிதன் தன் புத்தியைப் பிறரிடம் அடகு வைத்துவிட்டு வாழக்கூடாது என்பதற்காகவேயாகும். அது கோவிலில் அடகு போனாலும் ஒன்றுதான். கடையில் அடகு போனாலும் ஒன்றுதான்.

இவ்வட்டத்தில் ஒரு வீட்டுக்கு நாம் போயிருந்தோம். வீட்டுப் பிள்ளை ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். விடியுமுன் கம்பெனி பஸ் வந்துவிடுகிறது. தாய் இட்லி அவித்து வைத்தாலும் அவன் தொடுவதில்லை. டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி மாவைத் தண்ணீரில் குலுக்கிக் குடித்துவிட்டுப் போகிறான், இராத்திரியும் அப்படியே. கிலோ இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள அம்மாவு மாதம் இரண்டு டப்பா ஆகிறதாம். தாய் இதைப் பெருமையாகவே சொன்னார். "நீங்கள் என்னம்மா சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டோம். "எனக்கென்னங்க ஐயா, பழைய சோறும் ஊறுகாயும் இருக்குது" என்றார். அந்த வீட்டுப் பெண்ணோ, உடம்பு இளைத்தால்தான் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிடிக்குமென்று யாரோ சொன்னதைக் கேட்டு, இராச் சோற்றை விட்டுவிட்டு, அண்ணன் டப்பாவில் அரைக் கரண்டி எடுத்துக் குடிக்கிறாள். போன மாதம் தண்ணீர்க் குழாயடியில் மயங்கி விழுந்தாளாம். இரத்தத்தைச் சோதித்தவர்கள், இரத்தச்சோகை என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள்.

பிள்ளையிடம் நாம் இரண்டு கேள்வி கேட்டோம். "உன் உடம்புக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் வேண்டும்? இந்த டப்பாவில் என்னென்ன இருக்கிறது?" இரண்டும் அவனுக்குத் தெரியவில்லை. "ஜிம் வாத்தியார் சொன்னார்" என்றான். டப்பாவின்மேல் இங்கிலீஷில் பொடி எழுத்தாக ஏதோ அச்சடித்திருக்கிறது. அதை அவன் படித்ததேயில்லை. தோழர்களே! அர்த்தம் தெரியாத பாஷையில் ஒருவன் எதையோ சொல்ல, நாம் கைகட்டி நின்று, அவன் கரண்டியில் கொடுப்பதைக் குடித்துவிட்டுத் தட்சணை கொடுப்பதற்கு என்ன பெயர்? புரோகிதன் உத்தரணியில் கொடுத்தால் தீர்த்தம். வாத்தியார் பிளாஸ்டிக் கரண்டியில் கொடுத்தால் புரோட்டீன். கேள்வி கேளாமல் விழுங்குவதில் இரண்டுக்கும் வித்தியாசமென்ன?

நிற்க, புரதம் வேண்டாமென்று நாம் சொல்லவரவில்லை. தசையும் இரத்தமும் தோலும் புரதமில்லாமல் வளராது. ஆனால் எவ்வளவு வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளைக்கு 0.83 கிராம் போதும். 60 கிலோ ஆளுக்குச் சுமார் 50 கிராம். கடும் உடற்பயிற்சி செய்பவனுக்குச் சற்று அதிகம் வேண்டியிருக்கலாம். அந்த 50 கிராம் எங்கே கிடைக்கும்? 300 கிராம் அரிசியில் இருபதுக்கு மேல். 75 கிராம் பருப்பில் சுமார் 17. ஒரு முட்டையில் 6. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. கூட்டிப் பாருங்கள், தீர்ந்தது கணக்கு. அரிசிப் புரதத்தில் குறைவாயுள்ள ஒரு சத்து பருப்பில் நிறைய இருக்கிறது. பருப்பில் குறைவாயுள்ளது அரிசியில் இருக்கிறது. ஆகவே இரண்டும் சேர்ந்த இட்லி, ஒன்றன் குறையை மற்றொன்று தீர்த்த பண்டமாகும். அதைத் தாய் அவித்து வைத்திருக்க, பிள்ளை தள்ளிவிட்டுப் போகிறான்!

காசுக் கணக்கையும் பாருங்கள். ஒரு கரண்டி மாவில் சுமார் 24 கிராம் புரதம் என்கிறார்கள். விலை எழுபது ரூபாயாகிறது. நான்கு முட்டையிலும் அதே 24 கிராம். விலையோ அதைவிட வெகு குறைவு. நம் கொல்லையில் விளையும் வேர்க்கடலை 100 கிராமில் 25 கிராம் இருக்கிறது. அதை வியாபாரியிடம் விற்றுவிட்டு, அந்தக் காசோடு கடனும் சேர்த்து டப்பா வாங்குவது என்ன புத்தி?

அதோடு, புரதமாவு வேறு, சாப்பாடு வேறு. தண்ணீரில் கலக்கிய ஒரு கரண்டி மாவு சுமார் 120 கலோரி. ஒரு வேளைச் சாப்பாடு 500, 600 கலோரி. அந்த மாவில் கீரையின் இரும்புச் சத்து உண்டா? நார் உண்டா? சாப்பாட்டுக்குப் பதிலாகவே செய்து விற்கும் மாவு வேறு ரகம். அதில் பல சத்துக்களைச் சேர்க்கிறார்கள். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாறுகிறவர்களே அநேகர். பல டப்பாக்களில், "இது பலவகை உணவுக்கு மாற்றல்ல" என்று அவர்களே அச்சடித்திருக்கிறார்கள். விற்கிறவனே ஒப்புக்கொண்டதை வாங்குகிறவன் ஒப்புக்கொள்ள மறுக்கிறான்!

இந்த வியாபாரம் புதிதுமல்ல. 1930-களில் இங்கிலாந்தில் ஹார்லிக்ஸ் விற்க, "இராப் பட்டினி" என்று ஒரு வியாதியையே விளம்பரக்காரர்கள் சிருஷ்டித்தார்கள். தூங்கும்போது பட்டினியால் உடம்பு கெடுகிறதாம். அதற்கு அந்தப் பானமே மருந்தாம். இல்லாத பேயைக் காட்டிப் பயமுறுத்தி, ஓட்டுவதற்குக் காசு கேட்பது போன்றதுதானே இது? 2024 ஏப்ரலில் இந்திய அரசாங்கம், இணையக் கடைகள் இத்தகைய பானங்களை "ஆரோக்கிய பானம்" என்ற தலைப்பில் விற்கக்கூடாது என்றது. அப்படியொரு வகை உணவுச் சட்டத்திலேயே இல்லை என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது.

அமெரிக்காவில் நடந்ததையும் கேளுங்கள். 1976, 77-ல், சாப்பாட்டை அடியோடு நிறுத்திவிட்டுத் திரவப் புரதத்தையே குடித்தால் உடல் இளைக்கும் என்ற பிரசாரம் அங்கே பலமாயிருந்தது. கசாப்புக் கூடங்களில் மிஞ்சிய தோல், ஜவ்வு முதலியவற்றைக் காய்ச்சியெடுத்த சரக்கு அது. குடித்தவர்கள் இளைத்தார்கள், ஆனால் இருதயம் தாறுமாறாகத் துடித்துச் சுமார் அறுபது பேர் இறந்தார்கள். இன்றைய மாவு அந்தச் சரக்கல்ல; பெரும்பாலும் பாலாடைக்கட்டி செய்யும்போது வடியும் நீரை வடிகட்டி உலர்த்தியெடுத்தது. ஆனாலும் ஒரே சத்தைக் குடித்து உயிர் வாழலாம் என்ற எண்ணம் அன்றும் இன்றும் ஒன்றேயாகும்.

சரக்காவது சுத்தமா? 2024-ல் கேரள மருத்துவர்கள் இந்தியாவில் விற்கும் 36 புரதச் சரக்குகளைச் சோதித்து வெளியிட்டார்கள். அவற்றில் 25-ல் டப்பாவில் சொன்ன அளவுக்கும் உள்ளேயிருந்த அளவுக்கும் பொருத்தமில்லை. சிலவற்றில் பூஞ்சை நஞ்சும் இருந்தது. 2008-ல் சீனாவில் பாலில் மெலமைன் என்ற இரசாயனத்தைக் கலந்தார்கள். புரதத்தை அதிலுள்ள நைட்ரஜனை வைத்து அளப்பது வழக்கம். மெலமைனில் நைட்ரஜன் அதிகம். ஆகவே தண்ணீர்ப் பாலும் சத்துள்ள பாலாகக் கணக்கில் வந்தது. ஆறு குழந்தைகள் மாண்டன. சுமார் மூன்று இலட்சம் குழந்தைகள் நோயுற்றன. அளக்கும் முறை தெரிந்தவன் ஏமாற்றும் முறையும் தெரிந்தவனாகிறான்.

"அப்படியானால் டப்பாவையெல்லாம் கொளுத்திவிடலாமா?" என்றால், அதுவும் பகுத்தறிவாகாது. மென்று விழுங்க முடியாத நோயாளிக்கும், உணவு இறங்காத முதியவர்க்கும் வைத்தியர் சொன்னால் இது உதவும். 2017-ல் பிரிட்டனில் ஒரு சோதனையின் முடிவு வெளியாயிற்று. பருமனுள்ள சர்க்கரை நோயாளிகளுக்குச் சில மாதங்கள் சாப்பாட்டுக்குப் பதில் பானமும் சூப்பும் கொடுத்ததில், ஓராண்டு முடிவில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் மருந்தில்லாமலேயே நோய் தணிந்திருந்தார்கள். அது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது தகுந்த ஆளுக்கு, முழுச் சத்தும் சேர்த்த பானத்தை, மருத்துவக் கண்காணிப்பில் கொடுத்தது. குழாயடியில் மயங்கி விழுந்த நம் பெண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களோ கேளாமல் தொடவே கூடாது.

உங்கள் ஊர்ப் பெருமையாகச் சொல்லும் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 919, 921-ம் வருஷத்தது, வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் இருக்கிறது. குடவோலைத் தேர்தல் என்று உலகமே புகழ்கிறது. அந்தக் குடத்தில் யார் பெயர் விழலாம்? கால்வேலிக்குமேல் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் உள்ளவன் பெயர்தான். உழுதவன் பெயரோ, பெண்கள் பெயரோ விழவில்லை. ஆகவே அதை முழு ஜனநாயகமென்று நாம் ஏற்பதற்கில்லை. ஆனால் அதில் ஒரு நல்ல விதி உண்டு: பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி வரக்கூடாது. அந்த ஒரு விதியை நீங்கள் உங்கள் அடுப்பங்கரைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குக் காட்டாத டப்பாவுக்கு வீட்டில் இடமில்லை என்று சொல்லுங்கள்.

கடைசியாக, டப்பாவைவிடப் பெரிய மோசம் ஒன்றிருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தச்சோகை. ஏன்? சத்துள்ளது ஆணுக்கு, மிச்சம் பெண்ணுக்கு என்ற மனுதர்மம் நம் சோற்றுப் பானையிலும் குடியிருப்பது அதற்கொரு காரணமாகும். நீதிக்கட்சிக்காரர் தியாகராயர் காலத்தில், 1920-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் பகலுணவு தொடங்கியது. 1956-ல் காமராசரும், 1982-ல் எம்.ஜி.ஆரும் அதை ஊரெங்கும் விரித்தார்கள். 1989-ல் முட்டை சேர்ந்தது. 2022-ல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. அங்கே ஆண், பெண், சாதி பாராமல் எல்லாத் தட்டிலும் ஒரே அளவு விழுகிறது. பள்ளியில் முடிந்தது வீட்டில் ஏன் முடியாது?

பிள்ளைகளே! நான்காயிரம் ரூபாய் டப்பாவுக்குக் கொடுக்கு முன், அம்மாவும் தங்கையும் என்ன சாப்பிட்டார்கள் என்று பாருங்கள். அதில் ஆயிரம் ரூபாய்க்கு முட்டையும் பருப்பும் கடலையும் கீரையும் வாங்கி, எல்லோரும் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பெண்களே! பெண் பார்க்க வருகிறவனுக்காகப் பட்டினி கிடக்காதீர்கள். உங்கள் உடம்பு உங்களுடையது. அவன் அளந்து பார்த்து வாங்கும் மாடல்ல.

நாம் பெரிய படிப்புப் படித்தவர்களல்ல. தேடிப் படித்ததையும் கண்டதையும் சொன்னோம். நாம் சொன்னதென்பதற்காக நம்பவேண்டாம். வீட்டுக்குப் போய் டப்பாவைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கேளுங்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, உங்கள் புத்திக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய்யுங்கள்.