பேரனை வைத்துப் பாட்டனை அறிதல்

பிறந்த வேகத்தில் மறையும் அணுவை எப்படி அடையாளம் காண்பது? ஜப்பானின் ரிக்கென் ஆய்வகத்தில் கோசுகே மொரிதா குழுவினர் பிஸ்மத் மீது துத்தநாக அணுக்கருக்களை மோதவிட்டார்கள். 2004 முதல் 2012 வரை சிக்கியவை புதிய தனிமத்தின் மூன்றே மூன்று அணுக்கள். ஆயுளோ ஆயிரத்தில் ஓரிரு பங்கு விநாடி!

அணுவை யாரும் பார்க்கவில்லை. சிலிக்கான் உணர்கருவியில் புதைந்த இடத்திலிருந்து அது விட்ட ஆல்ஃபா துகள்கள்தான் சாட்சி. ஓர் ஆல்ஃபா போனால் இரண்டு புரோட்டான் குறையும். மூன்றாவது அணு வரிசையாக ஆறு விட்டது. 113 புரோட்டானில் தொடங்கி 111, 109 என இறங்கி 101-இல், அதாவது மெண்டலீவியத்தில், போய் நின்றது. வழியில் வந்த போரியமும் டப்னியமும் ஏற்கெனவே தெரிந்த வாரிசுகள். அவற்றின் ஆற்றலும் ஆயுளும் பொருந்தவே, பாட்டன் யாரென்று தெரிந்துவிட்டது. முதல் இரண்டு அணுக்களும் டப்னியத்திலேயே பிளந்துபோனதால்தான் இத்தனை ஆண்டுக் காத்திருப்பு. 2016-இல் அந்தத் தனிமத்துக்கு நிகோனியம் என்று பெயர் வைத்தார்கள்.